முதல் தொட்டிலின் ராசி

எனக்குக் கைராசி என்று பெயர் வைத்தது யார் என்று இன்றுவரை தெரியாது. எங்கள் வார்டில் வேலை செய்ய ஆள் பற்றாது, பெயர் வைக்க மட்டும் ஆளுக்குப் பஞ்சமில்லை. ஒரு தாய் இன்னொரு தாயிடம் சொல்லி, அவள் பெருக்க வரும் அம்மாவிடம் சொல்லி, கடைசியில் டாக்டரம்மாவே ஒருநாள் "இன்னிக்கு கைராசி டியூட்டியா?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே வந்தார். பிடிக்கவில்லை என்று சொன்னால் பொய். வெளியே முகத்தைச் சுளித்துக்கொண்டேன், உள்ளுக்குள் குளிர்ந்து போனேன்.

எங்கள் அறை சின்னது. நான்கு தொட்டில்கள், ஒவ்வொன்றுக்கும் மேலே ஒரு நீல விளக்கு. பிறந்த இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ மஞ்சள் பூத்துப்போகும் குழந்தைகள் இங்கே வரும். கண்ணைக் கட்டி, இடுப்புத் துணியைத் தவிர எல்லாவற்றையும் கழற்றி, விளக்கடியில் படுக்கவைப்போம். வெளிச்சம் தோலுக்குள் இறங்கி மஞ்சளைக் கரைக்கும், கரைந்தது மூத்திரத்திலும் மலத்திலும் வெளியே போகும். முக்கால்வாசிப் பேருக்கு இரண்டு மூன்று நாளில் சரியாகிவிடும். சரியாகாமல் ஏறிக்கொண்டே போனால்தான் வினை. மஞ்சள் மூளைக்குள் போய் உட்கார்ந்தால் காது போகும், கை கால் போகும், போனது திரும்பி வராது. அதனால்தான் தினமும் காலையில் அளவு பார்க்கிறோம்.

அளவு பார்ப்பது என்றால், குதிகாலில் சின்னதாக ஒரு குத்து. ஊசியைவிடக் கொஞ்சம் தடிமனான கண்ணாடிக் குழாயை அந்தச் சொட்டில் வைத்தால் ரத்தம் தானே ஏறிக்கொள்ளும். அதைப் பக்கத்து லேபில் கொடுத்தால் ஒரு எண் வரும். பதினாலுக்குக் கீழே என்றால் வீட்டுக்குப் போகலாம். மேலே என்றால் விளக்கு தொடரும். தாய்மார்கள் அந்த எண்ணைப் பரீட்சை மார்க் கேட்பதுபோல் கேட்பார்கள். குறைந்தால் சந்தோஷப்படுகிற ஒரே மார்க் அதுதான்.

என் டியூட்டி நாளில் எண் குறையும். அது யாரும் கட்டிவிட்ட கதை இல்லை, பதிவேட்டிலேயே இருக்கிறது. எனக்கு மாற்றாக வருகிறவளுக்கு வார்டு வைத்த பெயர் மின்னல். அவள் வேலை செய்வது கண்ணுக்குத் தெரியாது, செருப்புச் சத்தம் மட்டும் கேட்கும். குத்துவாள், குழாயைக் கோட்டுப் பைக்குள் போடுவாள், லேபுக்கு ஓடுவாள், திரும்பி வந்து அடுத்த குழந்தையைத் தொடுவாள். நாலு குழந்தைக்கு நாலு ஓட்டம். அவள் நாளில் எண் அசையவே அசையாது, சில சமயம் ஏறியும் இருக்கும். மின்னல் வந்தாலே சில தாய்மார் முகம் இருண்டுவிடும்.

எனக்கு அந்த ஓட்டமெல்லாம் ஆகாது. பதறாத காரியம் சிதறாது என்பது என் கட்சி. முதல் தொட்டிலில் குத்தி, குழாயைத் துளைகள் போட்ட ஒரு சின்னப் பலகையில் நிற்கவைப்பேன். அழுகிற குழந்தையை அப்படியே போட்டுவிட்டுப் போக மனசு வராது. தோளில் சாய்த்துத் தட்டிக்கொடுத்து, தாய் பிழிந்து கொடுத்த பாலைக் கரண்டியால் புகட்டி, துணி மாற்றி, சீட்டில் அழகாக எழுதி ஒட்டிவிட்டுத்தான் அடுத்த தொட்டிலுக்குப் போவேன். நாலும் முடிய ஒன்றரை மணி நேரம் ஆகும். பிறகு பலகையோடு தூக்கிக்கொண்டு லேபுக்கு ஒரே நடை. பலகை நிற்கும் இடம் முதல் தொட்டிலின் கால்மாட்டுத் தட்டு. அங்கேதான் நல்ல வெளிச்சம், குழாயைத் தேட வேண்டியதில்லை.

இதில் இன்னொரு கூத்தும் சேர்ந்துகொண்டது. என் நாளில் மற்ற தொட்டில்களைவிட முதல் தொட்டிலில் எண் அதிகமாகக் குறைந்தது. அதைக் கண்டுபிடித்ததும் தாய்மார்தான். முதல் தொட்டில் ராசியான தொட்டிலாகிவிட்டது. அது காலியானால் மற்ற மூன்று பேருக்கும் போட்டி. ஒரு அப்பா, தன் அலுவலகத்தில் ஜன்னலோர மேசைக்கு மனுப் போட்ட பழக்கத்தில், தொட்டில் மாற்றம் கேட்டு எனக்கு எழுத்து மூலமாகவே விண்ணப்பம் கொடுத்தார். படித்துச் சிரித்துவிட்டு மாற்றிக் கொடுத்தேன்.

அந்த முதல் தொட்டிலுக்குத்தான் கலர்க்காரியின் பெண் குழந்தை வந்தது. தாய்க்கு பெயிண்ட் கடையில் கலர் கலக்கும் வேலை. கஸ்டமர் ஒரு துண்டு அட்டையைக் காட்டினால், அதே நிறத்தைக் கலக்கிக் கொடுப்பாள். வந்த நாளிலிருந்து கேள்விமேல் கேள்வி. நீலம் ஏன், பச்சை ஏன் ஆகாது. கண்ணைக் கட்டினால் குழந்தைக்குப் பகல் எது இரவு எது என்று எப்படித் தெரியும். கேள்வி கேட்கிறவர்களை எனக்குப் பிடிக்கும். பதில் தெரியாத கேள்வியைக் கேட்டால் கொஞ்சம் குறைவாகப் பிடிக்கும்.

முந்தின நாள் மின்னல் எடுத்த எண் பதினெட்டு. அன்று காலை நான் எடுத்தது பதிமூன்று புள்ளி எட்டு. டாக்டரம்மா சீட்டைப் பார்த்துவிட்டு, "மூணு மணிக்கு வீட்டுக்கு அனுப்பிடலாம்" என்றார். குழந்தையின் அப்பா உடனே பை கட்ட ஆரம்பித்துவிட்டார். மற்ற தாய்மார் என்னைப் பார்த்துப் பெருமையாகச் சிரித்தார்கள். கலர்க்காரி மட்டும் சிரிக்கவில்லை.

"நேத்து இருந்த அதே கலர்தான் சிஸ்டர்."

"விளக்குல கிடந்த தோலு வெளுத்துதாம்மா தெரியும். கண்ணால பாத்து ஒண்ணும் சொல்லக் கூடாது."

"வெளுத்த இடத்த நான் பாக்கல." அவள் இடுப்புத் துணியின் ஓரத்தை ஒரு விரலால் விலக்கினாள். "இது வெளிச்சம் படாத இடம். நேத்தும் இதத்தான் பாத்தேன். இன்னிக்கு ஒரு சொட்டு கூடத்தான் கலந்திருக்கு."

வெளிச்சம் படாத இடம் மெதுவாகத்தான் வெளுக்கும் என்று சொன்னேன். அது உண்மையும்கூட. அவள் விடவில்லை. "நாலு உறிஞ்சு உறிஞ்சுறா, தூங்கிடுறா. நேத்து பத்து உறிஞ்சுனா." காலையில் கரண்டியில் புகட்டும்போது எனக்கும் அது தெரிந்திருந்தது. கன்னத்தைச் சுண்டினால்தான் விழுங்கினாள். ஆனால் எண் நன்றாக வந்துவிட்டதே என்று அதை மனதிலிருந்து துடைத்துப் போட்டிருந்தேன்.

"எங்க கடையில ஒரு பழக்கம் உண்டு சிஸ்டர். யாராவது அட்டை கொண்டுவந்தா, அத எங்க வெச்சிருந்தீங்கன்னு முதல்ல கேப்போம். ஜன்னல்ல வெச்சிருந்த அட்டைனா வெளுத்திருக்கும். அத நம்பிக் கலக்கினா, செவுத்துல இருக்கறது ஒண்ணு, நாங்க குடுக்கறது ஒண்ணுன்னு ஆயிடும்."

"இது அட்டை இல்லம்மா, ரத்தம்" என்று சொல்லிவிட்டு நகர்ந்தேன். சொன்ன விதம் எனக்கே பிடிக்கவில்லை. மண்டைக்குள் வண்டு குடைய ஆரம்பித்தது அப்போதுதான்.

சாப்பாட்டு வேளையில் டப்பாவைத் திறக்காமல் பதிவேட்டைத் திறந்தேன். முதலில் விளக்கைத்தான் சந்தேகப்பட்டேன். முதல் தொட்டில் விளக்கு மற்றதைவிடக் கூடுதலாக வேலை செய்கிறதோ என்னவோ. அப்படியானால் மின்னல் நாளிலும் முதல் தொட்டில்தான் முந்த வேண்டும். பார்த்தேன். முந்தவில்லை. டியூட்டியில் யார் என்று விளக்குக்குத் தெரியாதே.

சரி, என் நாட்களை மட்டும் தனியே எடுத்து வைத்துப் பார்த்தேன். முதல் தொட்டிலில் நாலு நாலரை குறைந்திருக்கிறது. இரண்டாவதில் மூன்று. மூன்றாவதில் ஒன்றரை, இரண்டு. நாலாவதில் மின்னல் நாளைப் போலவேதான், அரையும் காலும். ஒரு நாள் இல்லை, பத்து நாள் இல்லை, பக்கத்துக்குப் பக்கம் இதே படிக்கட்டு. கைராசி என்றால் நாலாவது குழந்தைக்கு மட்டும் ஏன் ஓரவஞ்சனை செய்கிறது என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது. சாப்பாடு ஆறிப்போனதுகூடத் தெரியவில்லை. உள்ளதைச் சொன்னால், அந்த நேரம் பயம் இல்லை, சுவாரசியமாகத்தான் இருந்தது.

ஒரே ஒரு நாள் மட்டும் படிக்கட்டு தலைகீழாக இருந்தது. அன்று நாலாவது தொட்டிலில்தான் பெரிய இறக்கம், முதலாவதில் அரைதான். அந்த நாளை யோசித்துப் பார்த்தேன். நாலாவது தொட்டில் தாய்க்குத் தையல் பிரிக்கக் கூப்பிட்டார்கள். அவள் போகுமுன் குழந்தையைப் பார்த்துவிடட்டும் என்று அன்று நாலிலிருந்து ஆரம்பித்து ஒன்றில் முடித்தேன். ஆகவே தொட்டில் இல்லை, விளக்கு இல்லை. நான் முதலில் குத்துகிற குழந்தைக்கு அதிகமாகக் குறைகிறது, கடைசியில் குத்துகிற குழந்தைக்குக் குறைவதில்லை. முதலில் குத்தியதற்கும் கடைசியில் குத்தியதற்கும் அப்படி என்ன வித்தியாசம்?

தலையைத் தூக்கினேன். எதிரே கால்மாட்டுத் தட்டில் பலகை நின்றது. காலையில் மிச்சமான வெறும் குழாய்கள் இரண்டு அதில் நீலமாக மின்னிக்கொண்டிருந்தன.

மஞ்சளைக் கரைக்கிற விளக்கு. இது குழந்தையின் உடம்பில் இருக்கும் மஞ்சள், இது குழாயில் இருக்கும் மஞ்சள் என்று அது ஆள் பார்த்தா கரைக்கும்? முதல் குழாய் ஒன்றரை மணி நேரம் அதன் அடியில் நின்றிருக்கிறது. கடைசிக் குழாய் பத்து நிமிடம். நான் குறைத்தது எதையும் குழந்தையில் குறைக்கவில்லை. கண்ணாடியில் குறைத்துவிட்டு, அந்த எண்ணைக் குழந்தையின் தலையில் எழுதி வீட்டுக்கு அனுப்பியிருக்கிறேன்.

மணி ஒன்றரை. மூன்று மணிக்குக் கலர்க்காரியின் குழந்தை வீட்டுக்குப் போகிறது. குத்தூசியை எடுத்துக்கொண்டு முதல் தொட்டிலுக்குப் போனேன்.

"இன்னொரு தடவ குத்தணும்மா" என்றேன். கலர்க்காரி ஒன்றும் கேட்காமல் குழந்தையின் காலைப் பிடித்துக்கொண்டாள். ஒரே குத்தில் இரண்டு குழாய் நிரப்பினேன். ஒன்றைக் கோட்டுப் பைக்குள் போட்டேன். மற்றதைப் பலகையில், காலையில் நின்ற அதே இடத்தில் நிற்கவைத்தேன். பிறகு ஓடினேன். வேலைக்குச் சேர்ந்து பதினெட்டு வருஷத்தில் அந்த வராந்தாவில் நான் ஓடியது அதுதான் முதல் தடவை.

லேப்காரர் என்னைவிட மூத்தவர், எதற்கும் அசையாத மனிதர். குழாயை மெஷினில் சுற்றவிட்டு, எண்ணைப் பார்த்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். "பதினெட்டு புள்ளி ஒம்போது. காலையில பதிமூணு சொச்சம் வந்த குழந்தைதான இது?"

"அதேதான்."

விஷயத்தைச் சொன்னேன். அவர் வாசலை ஒருமுறை எட்டிப் பார்த்தார். பிறகு தணிந்த குரலில், "காலையில குழாய் மாறிப்போச்சுன்னு எழுதிடலாம் சிஸ்டர். ஒரு நாள் தப்பு. யாரும் தோண்ட மாட்டாங்க. நாளையிலிருந்து பலகைய வேற எடத்துல வெச்சுக்குங்க" என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, பாவம், என்மேல் உள்ள பிரியத்தில்தான் சொன்னார். அந்த வழியில் இரண்டு அடி எடுத்தும் வைத்துவிட்டேன். தலையசைத்தேன், பேனாவைக்கூடக் கேட்டு வாங்கினேன். எழுதப்போகும்போதுதான், இது ஒரு நாள் தப்பு இல்லையே என்று உறைத்தது. இன்றைக்குக் குழாய் மாறியது என்று எழுதினால், மற்ற நாட்களெல்லாம் சரி என்று நானே கையெழுத்துப் போட்ட மாதிரி ஆகிவிடும். பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு டாக்டரம்மாவின் அறைக்குப் போனேன்.

அவர் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. "எத்தனை நாளா அந்தப் பலகை அங்க இருக்கு?" என்று மட்டும் கேட்டார்.

"தட்டு மாட்டினதுலேருந்து. பதினோரு மாசம்."

அவர் எழுந்து வேகமாக வார்டுக்கு நடந்தார். குழந்தைக்கு மேலே ஒன்று, பக்கத்தில் ஒன்று என்று இரண்டு விளக்கு போட்டோம். எழுப்பி எழுப்பிப் பால் கொடுக்கச் சொன்னார். மூன்று மணிக்குப் பலகையில் நின்ற இரண்டாவது குழாயை லேப்காரர் சுற்றினார். பதினாலரை. ஒரே குதிகால், ஒரே குத்து, ஒரே நேரம். இடம்தான் வேறு.

கலர்க்காரியிடம் நானே சொன்னேன். எதையும் பூசி மெழுகவில்லை. அவள் கணவர் கட்டிய பையைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார். அவள் குழந்தையின் துணியைச் சரிசெய்துகொண்டே கேட்டாள்.

"அப்ப நான் பேசாம போயிருந்தா?"

 அவள் அதற்குமேல் கேட்கவும் இல்லை, நன்றி சொல்லவும் இல்லை, கோபப்படவும் இல்லை. தொட்டில் பக்கம் திரும்பிக்கொண்டாள். இரண்டு நாள் கழித்து அந்தக் குழந்தையின் எண் உண்மையாகவே குறைந்தது. பசி வந்து, வார்டே அதிர அழுதது. அதைக் கேட்டு நான் பாத்திரம் கழுவும் இடத்தில் போய் நின்று அழுதேன்.

ஆனால் அது இரண்டு நாள் கழித்து. அன்று மாலை நாலு மணிக்கு மின்னல் டியூட்டிக்கு வந்தாள். அவளை உட்காரச் சொல்லி எல்லாவற்றையும் சொன்னேன். அவள் உட்கார்ந்து நான் பார்த்ததே அன்றுதான்.

"அப்ப என் கை நல்ல கைதான்" என்றாள்.

"நல்ல கைதான். உன் எண்ணுதான் எல்லாமே நெசம்."

"ஒரு அம்மா நான் குத்த வந்தா குழந்தைய முந்தானையால மூடிப்பாங்க, தெரியுமாக்கா? நீங்க வர்ற வரைக்கும் காத்திருக்கட்டுமான்னு கேப்பாங்க. நான் வீட்டுல போய் என் கையப் பாத்துட்டு உக்காந்திருப்பேன்."  நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். கையைக் காட்டி நிறுத்தினாள். "அதெல்லாம் அப்புறம். உங்க எண்ண வெச்சு வீட்டுக்குப் போன குழந்தைங்க எத்தன?"

அவள் மின்னல்தான். நான் அந்தக் கேள்வியைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தேன், அவள் நேராகப் போய் அதில் இறங்கினாள். இருவரும் பதிவேட்டை விரித்து எண்ணினோம். என் எண் பதினாலுக்குக் கீழே வந்து, அதற்கு மறுநாள் வேறு யாரும் பார்க்காமல், வீட்டுக்குப் போனவர்கள் இருபத்துமூன்று பேர். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் போன் நம்பர் இருந்தது. பாதிப் பேரிடம் தான் பேசுவதாக மின்னல் சொன்னாள். வேண்டாம் என்றேன். குத்தியது என் கை.

மறுநாள் எனக்கு விடுப்பு. காலை ஒன்பது மணிக்கு டாக்டரம்மாவின் அறையில் உட்கார்ந்தேன். என்னென்ன கேட்க வேண்டும் என்று அவர் ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருந்தார். நன்றாகச் சாப்பிடுகிறதா, கழுத்து நிற்கிறதா, வயதுக்குத் தக்கபடி உட்காருகிறதா, சத்தம் கேட்டால் திரும்புகிறதா. ஒன்று, இரண்டு, மூன்று என்று கூப்பிட்டுக்கொண்டே போனேன். ஒரு பையன் செய்தித்தாளைத் தின்கிறானாம், அதுவும் விளையாட்டுப் பக்கத்தை மட்டும். ஒரு பெண், கேட் திறக்கும் சத்தம் கேட்டாலே அப்பா என்று தவழ்ந்து ஓடுகிறாளாம். தொட்டில் மாற்ற விண்ணப்பம் போட்டவர், அடுத்த குழந்தைக்கும் முதல் தொட்டிலையே பிடித்து வைக்கும்படி சொன்னார். எல்லோரிடமும் விஷயத்தைச் சொல்லி, ஒரு தடவை கூட்டி வந்து காட்டிவிடும்படி கேட்டுக்கொண்டேன். இருவர் கத்தினார்கள். ஒருவர் அழுதார். மற்றவர்கள், பிள்ளை நன்றாக இருக்கும் தைரியத்தில், பரவாயில்லை சிஸ்டர் என்றார்கள். ஒவ்வொரு பெயரையும் அடிக்கும்போது எனக்கு மூச்சு கொஞ்சம் இறங்கியது.

பத்தொன்பதாவது நம்பரை எடுத்தது ஒரு தாய். பெண் குழந்தை, எட்டு மாதம். என் குரல் கேட்டதும் அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எங்களை இன்னும் ஞாபகம் வைத்திருக்கிறீர்களே என்றாள். சாப்பிடுகிறாளா என்றேன். வெளுத்து வாங்குகிறாள் என்றாள். கழுத்து நிற்கிறதா, உட்காருகிறாளா, எல்லாம் ஆம்.

"தங்கமான பொண்ணு சிஸ்டர். ஒரு தொந்தரவு கிடையாது. முந்தாநேத்து அடுக்களையில பாத்திர அடுக்கு மொத்தமா சரிஞ்சு விழுந்திருச்சு. பக்கத்து வீட்டுலேருந்து ஓடி வந்துட்டாங்க. இவ ரெண்டடி தள்ளிப் படுத்திருக்கா, அசையணுமே. அப்படி ஒரு தூக்கம்."

அவள் சிரித்தாள். தாளில் மிச்சமிருந்தது ஒரே கேள்விதான், சத்தம் கேட்டால் திரும்புகிறதா.

"இப்ப முழிச்சிருக்காளாம்மா?"

"முழிச்சுதான் இருக்கா. தரையில உக்காந்து டப்பாவ உருட்டிட்டு இருக்கா."

"போன கையில வெச்சுக்காதீங்க, கீழ வைங்க. அவளுக்குப் பின்னாடி, அவ கண்ணுக்குத் தெரியாம நின்னு, பலமா ஒரு தடவ கை தட்டுங்க."

எதற்கு என்று கேட்காமல் போனாள். இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். கை தட்டும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. மறுபடியும் தட்டினாள், இந்தத் தடவை பலமாக. பிறகு மூன்றாவது தடவை. நடுவில் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள், இரண்டு தரம். டப்பா உருளும் சத்தம் நிற்கவே இல்லை.

போனை எடுத்தாள். 

"திரும்பல சிஸ்டர்" என்றாள். பிறகு, "ஏன் தட்டச் சொன்னீங்க?" என்றாள்.

சொன்னேன்.